டெல்ஃப்ட் கோபுரத்துக்கு நீ கொண்டுபோன வீட்டு உறுதி

மச்சான்,

இரண்டு கிழமையாகப் பிடித்த மழை இன்று காலைதான் கொஞ்சம் விட்டது. வெயிலைக் கண்டதும் பவளம் அலுமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்து முற்றத்துக் கொடியில் போட்டாள். சேலைகளுக்கு நடுவே அந்தச் சாம்பல்நிறக் குளிர்ச்சட்டையும் தொங்கியது. உன் மருமகன் பிரதீபன் ஒல்லாந்தில் உனக்கு இரவல் தந்த சட்டை. கொழும்பில் வந்து இறங்கி வியர்வையில் நனைந்த பிறகுதான், அதைத் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டது உனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போனாய். பூச்சி உருண்டை மணம் போக அதை உதறினேன். பையிலிருந்து ஒரு கறுப்பு இனிப்பு விழுந்தது.

எது என்று உனக்குத் தெரியும். ட்ராமில் எதிரே இருந்த வயதான ஒல்லாந்துப் பெண் உனக்குத் தந்தவை இரண்டு. இனிப்பு என்றுதான் சொன்னார்கள். வாயில் போட்டால் உப்பு, அதற்குப் பிறகு ஒரு கசாயக் கசப்பு. நீ ஒன்றை வாயில் போட்டாய், அந்த அம்மாளைப் பார்த்துத் தலையாட்டினாய், கடைசிவரை துப்பவில்லை. மற்றதைப் பையில் போட்டாய். மூன்று வருடம் ஆகிறது. எறும்புகூடத் தொடவில்லை.

"அண்ணன் முகத்தச் சுழிக்கல்ல," என்று பவளம் சிரித்தாள். "பக்கத்துல இரிந்த எனக்குத்தான் தெரியும், கண்ணால தண்ணி ஓடினது."

நீ கண்மூடி ஒரு வருடம் முடியப்போகிறது. உன்னைப் பற்றிப் பேசி உன் தங்கை சிரித்தது இதுதான் முதல் தடவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நாற்பது வருடம் செய்தி எழுதியவன் நான். வெள்ளம், தேர்தல், நெல் விலை, யானை வந்து வேலி முறித்தது, எல்லாம் எழுதினேன். டெல்ஃப்ட் போன அந்த ஒரு நாளை மட்டும் எழுதவில்லை. அதில் பிழை விட்டவன் நான் என்பதுதான் காரணம்.

இதை வாசிக்கும் எல்லோருக்கும் எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்திருக்காது, அதனால் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். நீ வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், உன் மனைவியின் வீட்டுக்குப் போனாய். நான் நகரத்தில் உன் தாயின் வீட்டுக்கு, உன் தங்கையின் புருசனாக வந்தேன். வெளியில் நீ வட்டை விதானை. ஒரு வயல்வெளி முழுவதற்கும் தண்ணீர் பங்கிடுகிறவன். நீ கை காட்டினால்தான் வாய்க்கால் திறக்கும். நானும் வெளியில் நாலு பேர் மதிக்கும் பத்திரிகைக்காரன். வீட்டுக்குள் போனால் நாங்கள் இருவரும் வந்த மாப்பிள்ளைகள். "நமக்குச் சொந்தம் இந்தச் செருப்புச் சோடிதான் மச்சான்," என்று நீ சொல்வாய். பகிடிக்குத்தான் சொன்னாய் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

உன் மகள் சுகந்தி கலியாணம் முடித்தபோது, உன் மனைவி வழக்கப்படி அந்த வீட்டை ஒரே மகளின் பேருக்கு எழுதினாள். ஐந்து வருடத்தில் உன் மனைவி இறந்துபோனாள். மகள் ஒல்லாந்தில். நீ மகளின் வீட்டில் தனியே இருந்தாய்.

நாங்கள் பயணம் புறப்பட இரண்டு மாதம் முந்தி சுகந்தி பவளத்துக்குத் தொலைபேசியில் கோல் எடுத்து ஒரு வேலை சொன்னாள். வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி ஒன்று வேண்டும், அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம். பவளம் அந்த வேலையை என்னிடம் தந்தாள். உறுதி எழுதிய நொத்தாரிசு எனக்குத் தெரிந்தவர். பிரதியை நீட்டும்போது, "விக்கப் போறாங்களோ?" என்று கேட்டார். அவர் கேள்விதான் கேட்டார். நான் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன். புதிதாக வந்த எத்தனை நிருபர்களிடம், இப்படிச் செய்யாதே என்று சொல்லியிருப்பேன். சுகந்திக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அடுத்த நாள் காலை மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வட்டைக்கு வந்து, வரம்பில் நின்று உனக்குச் சொன்னேன். சிநேகிதனுக்கு எச்சரிக்கை செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

நீ மண்வெட்டியை வரம்பில் குத்தி நிறுத்தினாய்.

"அவள்ட வீடு. அவள் விக்கலாம்," என்றாய். மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "அங்கால பாரு, அந்தத் தண்ணிக் கடவானத் திறந்துட்டுப் போயிட்டான். ஒருத்தனுக்கும் சொல்லிச் சரிவராது," என்று தண்ணீரைப் பார்க்கப் போனாய்.

அதற்குப் பிறகு உன் சாமான்கள் ஒவ்வொன்றாக எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கின. முதலில் ஒரு சாய்வு கதிரை. பிறகு ரேடியோ. பிறகு கத்தி, உளி எல்லாம் வைத்த ஆயுதப் பெட்டி. பெண்சாதி வீடு இல்லாமல் போனவன் சகோதரி வீட்டுக்குத்தான் திரும்புவான், அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். "ரெண்டு நாளைக்கி இரிக்கட்டும்," என்பாய். "வீட்டுக்கு வெள்ளையடிக்கயா அண்ணன்?" என்று பவளம் கேட்டாள். "ஓம்," என்றாய். எனக்குத் தெரிய நீ சொன்ன முதல் பொய் அது.

மூன்று கிழமை ஹேக் நகரில் சுகந்தியின் வீட்டில் இருந்தோம். ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, எல்லோருமாக டெல்ஃப்ட் பார்க்கப் போவதென்று பிரதீபனும் அவளும் லீவு போட்டார்கள். அன்று காலை சாப்பாட்டு மேசையில் பாண் வெட்டிக்கொண்டே சுகந்தி சொன்னாள்: "அப்பா, உங்களோட ஒரு விசயம் கதைக்கணும். இப்ப இல்ல. சுத்திப் பாத்திட்டு, பின்னேரம்."

நீ என்னைப் பார்த்தாய். நான் பாணைப் பார்த்தேன்.

ட்ராம் தரிப்பிடத்தில் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் நெஞ்சைத் தட்டிக் காட்டினாய். குளிர்ச்சட்டைக்கு உள்ளே, சேட்டுக்கும் உள்ளே, பிளாஸ்டிக் பையில் சுற்றிய வீட்டு உறுதி. ஊரிலிருந்தே கொண்டு வந்திருந்தாய்.

"அவள் கேக்க முந்திக் குடுத்திரணும்," என்றாய். "தகப்பன்ட்ட வீட்டக் கேக்கிற வெக்கம் என்ட புள்ளைக்கு வேணாம்."

"எப்பக் குடுப்ப?"

"எல்லாம் பாத்து முடியட்டும். லீவு போட்டுக் கூட்டிப் போகுதுகள். நாளப் பழுதாக்கப்படாது."

பிறகு ட்ராம் வந்தது, அந்த இனிப்பும் வந்தது.

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். நாளைப் பழுதாக்கவில்லை. எங்கள் எல்லோரிலும் அந்த ஊரை வடிவாகப் பார்த்தவன் நீதான். ஒடுங்கிய தெருக்கள், தெருவின் நடுவே கால்வாய், கால்வாய்க்கு மேலே சின்னச் சின்னப் பாலங்கள், பாலத்துக் கம்பிகளில் சாத்திய சைக்கிள்கள், தண்ணீரில் ஆம்பல் இலை. மற்றவர்கள் வீடுகளின் முகப்பை நிமிர்ந்து பார்த்தபோது, நீ குனிந்து தண்ணீரைப் பார்த்தாய்.

"தெருவுக்கு ரெண்டு முழம் கீழ நிக்கிது. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இதுக்கு ஆரு விதானை?" என்று மருமகனைக் கேட்டாய்.

பிரதீபன் யாழ்ப்பாணப் பக்கத்து நெடுந்தீவுப் பிள்ளை. பொறுமையாக விளக்கினான். "தண்ணியைப் பாக்கிறதுக்கெண்டே இஞ்சை ஒரு சபை இருக்கு மாமா. சனம் வோட்டுப் போட்டுத்தான் ஆக்களைத் தெரியிறது."

நீ நடையை நிறுத்தினாய். "தண்ணிக்கு வோட்டா?"

"ஓம் மாமா."

"அப்ப நானும் கேக்கலாம். சின்னம் என்ன குடுப்பான், மண்வெட்டியா?"

அந்த முகத்தை எனக்கு மறக்க முடியவில்லை. முப்பது வருடம் எங்கள் ஊர் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த கச்சேரி அலுவலகத்துக்கு ஏறி இறங்கி, தண்ணீருக்காக ஒவ்வொரு அதிகாரியிடமும் குரலை உயர்த்தியவன் நீ. உன் வேலைக்கு ஒரு மரியாதை இருக்கும் ஊரைக் கண்டுவிட்டாய். "கோட்டையக் கட்டின ஆக்கள் இந்தச் சபையையும் அங்க வச்சிட்டு வந்திரிக்கலாம்," என்றாய்.

பிறகு மருமகனைப் பிடித்தாய். நெடுந்தீவுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரும் டெல்ஃப்ட்தான். "நீ அந்த டெல்ஃப்ட்ல பிறந்து இந்த டெல்ஃப்டுக்கு வந்திரிக்கா. இதுக்கு ஏன் விமானம்? கடலால நேரா வந்திரிக்கலாமே." அவன் விட்டுக்கொடுக்கவில்லை. "எங்கட டெல்ஃப்டிலை குதிரை நிக்குது மாமா. இஞ்சை சைக்கிள்தான்." கால்வாய்க்கு மேல் சாய்ந்து நிற்கும் பழைய கிறிஸ்தவக் கோயில் கோபுரத்தின் கீழ் நின்று எல்லோரும் படம் எடுத்தபோது, பவளம் மட்டும் அந்தப் பக்கம் வர மறுத்தாள். "நூறு நூறு வருசமா இப்பிடித்தான் சரிஞ்சு நிக்குதாம் மாமி," என்றாள் சுகந்தி. "நிக்கட்டும். நான் வந்த அண்டைக்கி அதுக்கு அலுப்பு வந்தா?" என்றாள் உன் தங்கை.

சந்தை கூடும் பெரிய சதுக்கத்தில், அரச குடும்பத்தாரை அடக்கம் செய்யும் புதிய கோயிலின் வாசலில் நீ குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாய். உன்னைப் பார்த்துப் பவளமும் அவிழ்த்தாள். இருவரும் காலுறையோடு அந்தக் குளிர்ந்த கல்லில் நின்றீர்கள்.

"மாமா, போடுங்கோ. இஞ்சை எல்லாரும் சப்பாத்தோடைதான் போறவை," என்றான் பிரதீபன்.

"கோயில் ஒண்டு. ராசாக்கள் படுத்துக் கிடக்கிற இடம் ரெண்டு. ரெண்டுக்கும் சப்பாத்தோட போற எப்பிடி?"

வாசலில் நின்ற சீட்டுக் கொடுக்கும் பெண் என்னவென்று விசாரித்தாள். பிரதீபன் சொன்னான். அவள் உங்கள் இரண்டு சோடிச் சப்பாத்தையும் வாங்கித் தன் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். பேத்தி மீராவுக்கு ஏழு வயது. தானும் கழற்றவேண்டும் என்று நின்றாள். கடைசியில் நாங்கள் ஆறு பேருமே காலுறையோடு ராசாக்களைப் பார்த்துவிட்டு வந்தோம்.

மத்தியானம் சந்தைக் கடையில் வெங்காயம் தூவிப் பச்சை மீன் தந்தார்கள். ஒல்லாந்துக்காரர் வாலைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி அப்படியே இறக்குகிறார்கள். நீ ஒரு துண்டை எடுத்து மணந்து பார்த்தாய். "நல்ல மீன். கழுவியும் இரிக்கான். அடுப்புல வைக்கத்தான் மறந்திட்டான்," என்று என் தட்டில் வைத்தாய்.

இவ்வளவுக்கும் நடுவே உன் வலது கை இடைக்கிடை நெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. பை நழுவாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாய். எனக்கு அது தெரியும். சுகந்திக்குத் தெரியாது. அவள் வேலை செய்வது முதியோர் பராமரிப்பு நிலையத்தில். நெஞ்சில் கை வைக்கிற வயதானவரைக் கண்டால் அவளுடைய கண் வேறு எங்கும் போகாது. அவளும் காலையிலிருந்தே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி இருக்கும், கோபுரம் ஏறினோம். அது சதுக்கத்தில் நின்ற அதே புதிய கோயிலின் கோபுரம். பவளம் வரவில்லை. "நீங்க மேல நிண்டு என்னப் பாருங்க. நான் கீழ இரிந்து ஐஸ்கிறீம் திங்கிறன்," என்று வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள். உள்ளே சுருண்டு சுருண்டு போகும் கற்படி, ஒருவர் ஏறினால் மற்றவர் சுவரோடு ஒட்ட வேண்டும். பிடிக்க ஒரு கயிறு. முன்னால் மீராவும் தகப்பனும். அடுத்து சுகந்தி, நீ, உனக்குப் பின்னால் நான். மீரா ஒல்லாந்து மொழியில் படி எண்ணிக்கொண்டு போன சத்தம் மேலேயிருந்து கேட்டது.

பாதிக்கு மேல் ஏறியிருப்போம். நீ நின்றாய். எனக்கும் மூச்சு வாங்கியது, உனக்கும் வாங்கியது, அவ்வளவுதான். ஆனால் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. சுகந்தி திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நெஞ்சு நோகுதா?"

"இல்ல புள்ள."

"பொய் சொல்லாதீங்க. காலையில இரிந்து கை அங்கதான் நிக்கிது. இரிங்க. இந்தப் படியில இரிங்க."

"ஒண்டும் இல்ல, நீ ஏறு."

அவள் உன் தோளை அழுத்திப் படியில் இருத்தினாள். ஒரு கையால் நாடி பிடித்தாள். மறு கையால் குளிர்ச்சட்டையின் சிப்பை இழுத்துச் சேட்டுப் பொத்தானைக் கழற்றினாள். நீ தடுக்கத் தடுக்க அவள் கை உள்ளே போனது. பிளாஸ்டிக் பை வெளியே வந்தது.

எங்களுக்குக் கீழே ஐந்தாறு பேர் நின்றுவிட்டார்கள். மேலேயிருந்து இறங்கியவர்களும் நின்றுவிட்டார்கள். நெட்டையான ஒரு பெடியன் அம்புலன்ஸ் கூப்பிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

சுகந்தி பையைப் பிரித்தாள். முத்திரை ஒட்டிய அந்தப் பழைய தாள்களை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"இத ஏன் இஞ்ச கொண்டு வந்தீங்க?"

"உன்ட வீட்டு உறுதி புள்ள. வித்துக்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவன். சாமானெல்லாம் ஏத்திட்டன், கட்டில் மட்டும்தான் கிடக்கு."

"விக்கப் போறன் எண்டு ஆரு சொன்ன?"

நீ என் பக்கம் பார்க்கவில்லை மச்சான். பார்த்திருக்கலாம். "ஆரும் சொல்லல்ல. நானா நினைச்சன்," என்றாய். குனிந்த உன் உச்சந்தலைதான் எனக்குத் தெரிந்தது.

"நான்தான் சொன்னன் புள்ள," என்றேன்.

"ஆரக் கேட்டுச் சொன்னீங்க மாமா?"

"நொத்தாரிசு கேட்டார், விக்கப் போறாங்களோ எண்டு."

"அவர் உங்கள்ட்டக் கேட்டிரிக்கார். நீங்க என்னட்டக் கேட்டீங்களா?"

எத்தனை பேட்டி எடுத்திருக்கிறேன், எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன். அன்று மடங்கியவன் நான்.

அவள் உனக்கு முன்னால், கீழ்ப்படியில் இறங்கிக் குந்தினாள். "அப்பா, நான் உறுதி கேட்டது விக்க இல்ல. உங்கட பேருக்குச் சீவிய உரித்து எழுதக் கேட்டன். நீங்க இரிக்கும் வரைக்கும் அந்த வீட்டுல உங்கள ஆரும் எழுப்ப ஏலா, நானும் ஏலா எண்டு எழுத. அம்மா எழுதக்குள்ள அத விட்டுட்டா. முன்னமே சொன்னா நீங்க மாட்டன் எண்டுவீங்க. அதுதான் சொல்லல்ல."

"அது எதுக்கு இப்ப?"

"எதுக்கா? நாலு மாசத்துக்கு முந்தி எனக்குக் கோல் எடுத்து என்ன கேட்டீங்க?"

நீ யோசித்தாய்.

"கலண்டர் கொளுவ ஒரு ஆணி அடிக்கவா எண்டு கேட்டீங்க. நான் அங்க வேலையில ஒரு கிழவிக்குக் கரண்டியால சூப் தீத்திக்கிட்டு நிண்டன். என்ன அவசரமோ எண்டு ஓடி வந்து எடுத்தா, ஆணி. அதுக்கு முந்தின மாசம் முருங்கக் கொப்பு வெட்டவா எண்டு. ஒரு ஆணிக்கு ஒல்லாந்துக்குக் கோல் எடுக்கிற மனிசன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் அப்பா." அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. "அண்டைக்கித்தான் நான் யோசிச்சன், இவர் அந்த வீட்டுல ஒரு விருந்தாளி மாதிரி எல்லோ இரிக்கார் எண்டு."

"உன்ட சுவர்தானே," என்றாய் மெதுவாக.

மேலேயிருந்து பிரதீபன் கூப்பிட்டான். "என்ன நடந்தது? மாமாக்கு ஏலாதோ?"

நீ அப்போதுதான் சுற்றிப் பார்த்தாய். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, ஒருவரும் முணுமுணுக்காமல் நிற்கிறார்கள். "எழும்புங்க, எழும்புங்க," என்றாய். "வாய்க்கால் மறிச்ச மாதிரி நிக்கிறம். முதல்ல ஆக்கள விடுங்க." நாங்கள் மூவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். நீ ஒவ்வொருவருக்கும், வட்டையில் தண்ணீர் விடுவதுபோல, கை காட்டி வழி அனுப்பினாய்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே சதுக்கம் ஒரு பாய் அளவு. பவளம் ஒரு நிறப் புள்ளி. கூரைகளுக்கு அப்பால் பச்சை வெளி, அதைக் கோடு போட்டுப் பிரித்த கால்வாய்கள். நீ கம்பியைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாய். எந்தக் கால்வாய் எதற்குத் தண்ணீர் கொடுக்கிறது என்று மீராவுக்குக் காட்டினாய். எல்லாம் உன் ஊகம்தான், ஆனால் விதானையின் ஊகம். சுகந்தி உறுதியைத் தன் கைப்பையில் வைத்து மூடிவிட்டு வந்தாள்.

"அப்பா, கையெழுத்து வைப்பீங்கதானே?"

"இல்ல புள்ள."

"ஏன்?"

"உன்ட அம்மா உனக்கெண்டு எழுதின வீடு. அவட அம்மா அவக்கு எழுதினது. அதுல ஒரு ஆம்பிளட பேர் இதுவரைக்கும் ஏறல்ல. என்ட பேர் ஏறினா வட்டைக்குள்ள நாலு பேர் கதைப்பான், மகள்ட்ட எழுதி வாங்கிட்டான் எண்டு. எனக்கு வேணாம்."

அவளும் உன் மகள்தானே. பிடித்த பிடியை விடவில்லை. நீயும் விடவில்லை. பிரதீபன் தூரத்தில் கடல் தெரிகிறது என்று எனக்குக் காட்டத் தொடங்கினான். நான் தெரியாத கடலைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அப்போது மீரா கேட்டாள். "அப்ப அம்மப்பா எங்க இருப்பார்?"

நீ அவளைப் பார்த்தாய். பிறகு சுகந்தியைப் பார்த்தாய்.

"அங்கதான் இரிப்பன்," என்றாய். "இஞ்ச பாரு புள்ள. நீ ஒண்டும் எழுத வேணாம். நான் இனிக் கேக்காம ஆணி அடிக்கிறன். அது காணுமா?"

சுகந்தி ஒரு விரலை மடக்கினாள். "முருங்கை?"

"கேக்காம வெட்டுறன்."

"சுவருக்குப் பெயின்ற்?"

"நிறம் மட்டும் கேப்பன். அது பொம்பிளைகள்ட விசயம்."

அந்தக் காற்றில் அவள் உன் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. நீயும் சிரித்தாய். அன்று முழுவதும் நெஞ்சுக்குப் போய்வந்த கை சும்மா தொங்கியது.

கீழே வந்தபோது பவளம் இரண்டாவது ஐஸ்கிறீமை முடித்திருந்தாள். விசயம் கேட்டதும் என் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க இவ்வளவு காலமும் பேப்பர்ல எழுதினதும் இப்பிடித்தானா?"

"விடுகா," என்றாய். "எனக்கு நல்லதெண்டுதான் ஓடி வந்து சொன்னவன்." பிறகு என் தோளில் கை போட்டாய். "ஆனா திருத்தம் ஒண்டு போடணும் மச்சான். எத்தனாம் பக்கத்துல போடுவா?" அன்று இருட்டும் வரைக்கும் அந்தப் பகிடி ஓயவில்லை. சூப் குடிக்கும்போதும் கேட்டாய், ட்ராமில் ஏறும்போதும் கேட்டாய்.

ட்ராமுக்குப் போகும் வழியில் கால்வாய்க் கரையோரம் பழைய சாமான் விற்கும் கடைகள் இருந்தன. டெல்ஃப்டுக்கு வருகிறவர்கள் நீலப் பூ வரைந்த பீங்கான் வாங்காமல் போவதில்லை. பவளம் ஒரு நீலக் கிண்ணம் வாங்கினாள், நான் ஒரு ஓடு வாங்கினேன். நீ எல்லாக் கடையும் ஏறி இறங்கி, மரப்பிடி போட்ட ஒரு சின்னச் சுத்தியல் வாங்கினாய். கடைக்காரனுக்கு முன்னாலேயே அதைக் கையில் தட்டித் தட்டிப் பார்த்தாய். சுகந்தி ஒன்றும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து ஒரு கிழமைக்குள் கதிரையும் ரேடியோவும் ஆயுதப் பெட்டியும் உன் வீட்டுக்குத் திரும்பிப் போயின. நான்தான் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிடித்து ஏற்றிக் கொண்டுவந்தேன், அது எனக்குக் கிடைத்த தண்டனை என்று வைத்துக்கொள். நீ அன்றே முதல் ஆணியை அடித்தாய். அது சாய்வாகப் போனது. பிடுங்கி, இரண்டு அங்குலம் தள்ளி மறுபடி அடித்தாய். அதற்குப் பிறகு நான் வரும்போதெல்லாம் சுவரில் ஒன்று கூடியிருக்கும். குடைக்கு ஒன்று, டோர்ச்சுக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, ஒன்றுமே தொங்காமல் சும்மா ஒன்று. "இது எதுக்கு?" என்று கேட்டேன். "எதுக்கும் இரிக்கட்டும்," என்றாய்.

போன ஐப்பசியில், விதைப்புக் கூட்டம் முடிந்து வந்து படுத்தவன் நீ எழும்பவில்லை. சுகந்தி வந்தாள். முப்பத்தோராம் நாளுக்கு வீடு வெள்ளையடிக்க வந்தவர்கள், ஆணிகளைப் பிடுங்கவா என்று கேட்டார்கள். "வேணாம். அதுகளச் சுத்தி அடிங்க," என்றாள். அவர்கள் அப்படியே செய்தார்கள்.

இப்போது அந்த வீட்டில் ஓர் ஆசிரியரின் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. நான் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். போன முறை நான் முற்றத்தில் நின்றபோது, டெங்கு பரிசோதனைக்கு ஒரு புதிய உத்தியோகத்தர் பிள்ளை வந்தாள். கொப்பியைத் திறந்து, "இது ஆருட வீடு?" என்று கேட்டாள். உறுதியில் இருப்பது எனக்கு வரிக்கு வரி தெரியும். நான் வாய் திறக்க முந்தி, வேலிக்கு அந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண் சொன்னாள்: "அது விதானையார்ர வீடு." பிள்ளை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போய்விட்டாள்.

உன் ஊரில் வீடுகளுக்குப் பெண்களின் பெயர்தான், மச்சான். இன்னாருடைய தாயின் வீடு, இன்னாருடைய மகளின் வீடு. ஓர் ஆணின் பெயரால் ஒரு வீட்டைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். உடனே கூப்பிட்டுத் திருத்தியிருப்பேன், பழைய ஆளாக இருந்தால். ஆனால் டெல்ஃப்ட் படியில் சுகந்தி கேட்ட கேள்வி இன்றைக்கும் என்னோடு நடக்கிறது. ஒரு செய்தி கையில் வந்தால், அது யாரைப் பற்றியதோ அவரிடம் முதலில் கேட்கிறேன். கிழவனான பிறகு கற்றுக்கொண்ட பாடம். இனி எனக்கு எழுதப் பக்கமும் குறைவு, ஆனாலும் கேட்கிறேன்.

அன்று பின்னேரம் அவளுக்குக் கோல் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். "புள்ள, பிழையா எழுதிட்டுப் போயிட்டாங்க. போய் உன்ட பேரச் சொல்லித் திருத்தவா?" என்று கேட்டேன்.

"அதுல பிழை எங்க இரிக்கி மாமா?" என்றாள்.

தேடிப் பார்த்தேன் மச்சான். இல்லை.